கடிதம் விழுந்தால் எரியும் விளக்கு

தபால் சேவைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சியில் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பையை எப்படி முத்திரையிடுவது, பதிவேட்டை எப்படி நிரப்புவது, மேலதிகாரி வந்தால் எந்தக் கோப்பை மேலே எடுத்து வைப்பது. இவற்றில் கடைசியைத் தவிர மற்ற எல்லாம் புத்தகத்திலும் இருக்கின்றன. நான் சொல்ல உட்கார்ந்திருப்பது ஒரு பின்னேரத்தைப் பற்றி. அன்று என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. விதிகளில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று இந்த மாவட்டத்தில் பலர் என்னைப் பழித்திருக்கிறார்கள். ஆகவே நான் சொன்னால் நம்பலாம்.

மாத்தளையிலிருந்து ரத்தோட்டைப் பக்கமாக மேலேறும் பாதையில் ஒரு சிறிய தபாலகம். ஓய்வுபெறுவதற்கு முந்தைய நான்கு வருடங்கள் அங்கே நான் தபாலதிபர். ஊழியர்கள் இரண்டு பேர்: நானும் தபால்காரர் நிசாமும். வாசலில் நின்றால் ஓடைக்கு அப்பால் எதிர்ச்சரிவு முழுக்கத் தேயிலை. நடுவில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் தகரக்கூரை போட்ட ஐந்து லயங்கள், அவற்றுக்கு மேலே தேயிலை ஃபெக்டரி. லயங்களில் அறுபது குடும்பங்கள் இருந்தன. தினமும் என் கண்ணெதிரே துணி காயப்போட்ட அந்த அறுபது வீடுகளுக்கும் என் தபாலகத்திலிருந்து ஒரு கடிதம்கூட நேராகப் போனதில்லை.

காரணம் பழைய ஏற்பாடு. லயத்து வீடுகளுக்கு இலக்கம் கிடையாது. எல்லோருக்கும் தோட்டத்தின் பெயர்தான் முகவரி. அதனால் எல்லாக் கடிதங்களும் ஒரே கட்டாகத் தோட்டத்து ஒபீசுக்குப் போகும். அங்கே கிளாக்கர் பிரித்து வைத்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். கிளாக்கர் லீவு என்றால் கடிதங்களும் லீவு. நான் சேவையில் சேர்ந்த காலத்தில் எனக்கு மேலே இருந்த பெரியவர் ஒருவர் சொல்வார்: "ஒப்படைச்சாச்சு, கையெழுத்தும் வாங்கியாச்சு. அதுக்குப் பிறகு அந்தக் கடதாசி நம்ம புள்ளை இல்ல." முப்பது வருடம் அதை வேதமாகப் பின்பற்றினேன். அது வசதியான வேதம்.

ஒரு நாள் காலை, கவுண்டருக்கு ஒரு பெண் வந்தார். கையில் பிரித்த உறை. பெயர் ஜெயராணி. ஃபெக்டரியில் மோட்டர், பெல்ட், வயரிங் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர்.

"ஐயா, இந்தக் கடதாசி ஒங்ககிட்ட என்னைக்கு வந்துச்சுங்க?"

பதிவேட்டை எடுத்துப் பெருமையோடு காட்டினேன். வந்த அன்றே ஒபீசுக்கு ஒப்படைத்திருக்கிறோம். கையெழுத்தும் இருக்கிறது.

"என் கையில நேத்துதாங்க குடுத்தாங்க. இன்டர்வியூ முடிஞ்சு நாலு நாளாச்சு."

"அது எங்கள் தவறில்லையம்மா" என்றேன்.

"யாரு தப்புன்னு கேக்க வரலைங்க. அடுத்த வாட்டி கடதாசி என் கைக்கு வர்றதுக்கு என்னா வழின்னு கேக்க வந்தேன்."

அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்னியல் போதனாசிரியர் வேலை. அதற்குரிய சான்றிதழ்கள் எல்லாவற்றையும் வேலை செய்துகொண்டே படித்து எடுத்திருந்தார். வயதெல்லை முப்பத்தைந்து. அவருக்கு முப்பத்து நான்கு. இன்னொரு முறை விண்ணப்பம் கோருவார்கள். அதையும் தவறவிட்டால் பிறகு விண்ணப்பிக்கவே முடியாது. இதை எல்லாம் அவர் அழாமல், குரல் உயர்த்தாமல், மோட்டரில் என்ன பழுது என்று விளக்குவதைப் போலச் சொன்னார்.

வழி ஒன்றையும் அவரே வைத்திருந்தார். லயத்துக்கு ஏறும் படிகள் தொடங்குகிற சந்தியில் ஒரு கடிதப் பெட்டி. நிசாம் தினமும் அந்தச் சந்தியைக் கடந்துதான் போகிறார். நான் உடனே தடைகளை எண்ணத் தொடங்கினேன். அதில் எனக்குப் பயிற்சி உண்டு. விதிப்படி, கடிதத்தை எங்கே ஒப்படைக்க வேண்டும் என்று பெறுபவரே எழுத்தில் கேட்க வேண்டும். அறுபது வீடும் கேட்க வேண்டும். எனக்கு மேலுள்ள தபால் அத்தியட்சகர் அனுமதிக்க வேண்டும். எல்லாம் நடந்தாலும், வெறும் பெட்டியைப் பார்க்க முந்நூறு படி இறங்கி ஏற யாருக்கு முடியும்? ஒரு வாரத்துக்குப் பிறகு ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

"பாக்க வேண்டியதில்லைங்க ஐயா. பெட்டி கூப்பிடும்" என்றார் ஜெயராணி.

நான் சிரித்துவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை அறுபது விண்ணப்பங்கள் என் மேசைக்கு வந்தன. ஒன்றில்கூடக் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. முயன்று பார்த்தேன்.

தோட்டத்து ஒபீசுக்கு இது பிடிக்கவில்லை. எதிர்த்து எழுதினார்கள். அத்தியட்சகர் இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு, ஒரு நிபந்தனையோடு அனுமதித்தார்: முறைப்படி தபாலில் வந்த பொருளைத் தவிர வேறெதையும் அந்தப் பெட்டிக்குள் தபாலகம் போடக்கூடாது; போட்டால் பெட்டி அகற்றப்படும்.

பெட்டியைப் பரிசோதிக்க நானே நேரில் போனேன். தகரப் பெட்டி, பூட்டு, சிறு பார்சலும் நுழையும் அளவுக்கு வாய், கை எட்டாத ஆழம். உள்ளே அடித்தட்டுப் போல ஒரு மெல்லிய பலகை, அதன் கீழே ஸ்பிரிங். கடிதம் விழுந்தால் பலகை அழுந்தும். அழுந்தினால் இரண்டு செப்புத் துண்டுகள் தொட்டுக்கொள்ளும். அங்கிருந்து தேயிலைச் செடிகளுக்கு அடியில் மெல்லிய வயர் மேலேறி, முதல் லயத்தின் முதல் வீட்டுக்குப் போகிறது. அங்கே பழைய மோட்டார் சைக்கிள் பெட்டரி ஒன்று. கூரையில் ஒரு திரீவீலரின் ஹோர்னும் அதன் பின்பக்கத்துச் சிவப்பு விளக்கும். விளக்கு ஒருமுறை எரிந்தால், வீட்டில் இருக்கிறவர் பொத்தானை அழுத்தும்வரை அணையாது. அவ்வளவுதான். பாடசாலைப் பிள்ளைகள் கண்காட்சிக்குச் செய்வது மாதிரியான ஒன்று.

"போட்டுப் பாருங்கய்யா."

அன்றைய தபாலில் அவர்களுக்கு வந்திருந்த ஒரு நீள உறையைப் போட்டேன். மலைக்கு மேலே ஹோர்ன் இரண்டு தரம் பிளிறியது. தேயிலைப் பச்சைக்கு மேலே, பனிப்புகாரின் ஊடே, ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது.

 சேவைக்காலம் முழுக்க எத்தனை கடிதங்களை அனுப்பியிருப்பேன்! கடலில் கல்லைப் போட்டதுபோல் ஒன்றிலிருந்தும் ஒரு சத்தம் திரும்பி வந்ததில்லை. பதிவேட்டில் கையெழுத்து வரும், ஆனால் அது கிளாக்கரின் கையெழுத்து. இப்போதுதான் முதல் தடவையாக, நான் போட்ட கடிதத்துக்கு ஒரு மலை பதில் சொல்லியது. இரண்டு செப்புத் துண்டும் ஒரு பேனா ஸ்பிரிங்கும் அதைச் செய்தன. நிசாம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சேர், மூச்சு விடுங்க" என்றார்.

கருவி என்றால் அடம் பிடிக்காமல் இருக்குமா? முதல் வாரம் பெட்டிக்குள் ஒரு பல்லி குடிவந்தது. பல்லி நடந்தால் ஹோர்ன். மூன்று தரம் ஆட்கள் முந்நூறு படி இறங்கிவந்து பல்லியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நிசாம் சந்தியைக் கடக்கும்போதெல்லாம், "பல்லிக்கு ரெஜிஸ்டர் தபால் ஏதாச்சும் வந்தீக்கா?" என்று கேலி. ஜெயராணி ஸ்பிரிங்கை மாற்றி இறுக்கினார். சாதாரணக் கடிதம் விழுந்தால் அடிக்கும். பல்லிக்கும் ஒற்றைத் தபாலட்டைக்கும் அடிக்காது. மற்றொரு தரம் நிசாம், வீட்டில் பழுத்த நாலு கொய்யாப்பழத்தை லயத்துப் பிள்ளைகளுக்கென்று பெட்டிக்குள் போட்டுவிட்டார். தோட்டத்து ஒபீஸ் அதற்காகவே காத்திருந்தது. அத்தியட்சகரின் எச்சரிக்கைக் கடிதம் வந்தது: இன்னொரு தடவை இப்படி நடந்தால் பெட்டி இல்லை.

இனி அந்தப் பின்னேரம்.

முந்திய நாள் பெய்த மழையில் பாதையில் மரம் விழுந்து, காலையில் வரவேண்டிய பை பின்னேரம் மூன்று மணிக்கு வந்தது. பிரித்தேன். அதற்குள் ஜெயராணியின் பெயருக்கு ஒரு பதிவுத் தபால். உறையில், அவர் இரண்டாம் முறை விண்ணப்பித்திருந்த பயிற்சித் திணைக்களத்தின் முத்திரை. எங்கள் திகதி முத்திரையைக் குத்தத் திருப்பினேன். பின்பக்கத்தில் ஒன்றுக்குப் பதிலாக மூன்று தபாலகங்களின் திகதி முத்திரைகள். அதே பெயருள்ள தோட்டம் இன்னொரு மாவட்டத்திலும் இருக்கிறது. கடிதம் அங்கே போய்ச் சுற்றி வந்திருக்கிறது. கொழும்பில் போட்டு ஒன்பது நாள். போன தடவை நேர்முகப் பரீட்சைக்குப் பத்து நாள் முன்னறிவித்தல் கொடுத்திருந்தார்கள்.

கடிதத்தைப் பிரிக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஒன்பதையும் பத்தையும் கழித்துப் பார்க்க யாருடைய அதிகாரமும் தேவையில்லை. நேர்முகம் நாளைக் காலை, கொழும்பில். மாத்தளைக்குக் கடைசி பஸ் ஐந்து பத்துக்கு.

இந்த இடத்தில் உங்கள் பயிற்சியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பதிவுத் தபாலைப் பெட்டிக்குள் போட முடியாது. கையெழுத்து வாங்கிக் கையில் கொடுக்க வேண்டும். பெட்டிக்குள் போடக்கூடியது ஓர் அறிவித்தல் அட்டை மட்டும்: 'உங்களுக்குப் பதிவுத் தபால் வந்துள்ளது, தபாலகத்துக்கு வரவும்.' அந்த அட்டை பல்லியைவிட லேசு. ஹோர்ன் அடிக்காது. அன்றைய பையில் லயத்துக்கு வேறு கடிதமும் இல்லை. நாளைக்கோ மறுநாளோ வேறு கடிதம் விழும்போதுதான் யாராவது அதைக் காண்பார்கள்.

ஜெயராணியின் கைபேசிக்கு எடுத்தேன். லயத்துப் பக்கம் சிக்னல் கிடையாது என்று தெரிந்தும் நான்கு தரம் எடுத்தேன். நிசாம் முழங்காலில் ஆபரேஷன் செய்தவர், நான் ஓய்வை நெருங்கிய கிழவன்; முந்நூறு படி ஏறி அதற்கு மேல் ஃபெக்டரிக்கும் போவதென்றால் பஸ் போய்விடும். சந்தியில் நின்று கத்தலாம் என்றால், மழைக்குப் பிறகு ஓடை இரைகிற இரைச்சலில் கத்துகிறவனுக்கே தன் குரல் கேட்காது.

"என்னத்துக்கு சேர் இவ்வளவு யோசின? அட்டையப் போட்டு, அதுக்கு மேல ஒரு கல்லத் தூக்கிப் போடுறேன்" என்றார் நிசாம்.

"கல்லுக்கு முத்திரை ஒட்டியிருக்கா?"

"சேர்! அந்தப் புள்ளைட வாழ்க்கை!"

"அறுபது வீட்டுப் பெட்டி நிசாம். ஒபீஸ்காரன் கொய்யாப்பழத்தையே எண்ணினவன். கல்லைக் கண்டால் விடுவானா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. எழுத்துக்கு எழுத்து விதி பேசும் ஒரு கிழவனைப் பார்க்கிற பார்வை. அது நியாயமான பார்வைதான். ஒருத்தியின் கடைசி வாய்ப்பு ஒரு பக்கம், அறுபது வீடுகளின் பெட்டி இன்னொரு பக்கம். இரண்டில் ஒன்றைக் கைவிடத்தான் வேண்டும் என்று அவசரத்தில் எல்லோருக்கும் தோன்றும். உங்களுக்கும் ஒரு நாள் தோன்றும். அப்போது ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள். நான் நின்றேன். சுவர் மணிக்கூடு மூன்று இருபத்தைந்து காட்டியது.

பாரமான பொருள் வேண்டும். அது முறைப்படி தபாலில் வந்ததாக இருக்க வேண்டும். தபால் என்றால் என்ன? முகவரி, முத்திரை, திகதி முத்திரை. என் மேசையில் தபால் விதிகளின் தொகுப்பு இருந்தது. அரசாங்கச் சொத்தல்ல, நான் சொந்தமாக வாங்கியது. செங்கல் கனம். அதைப் பழுப்புத் தாளில் சுற்றினேன். ஜெயராணியின் பெயரை எழுதினேன். சுற்றுவதற்கு முன் முதல் பக்கத்தில், 'உடனே வரவும். பஸ் ஐந்து பத்துக்கு' என்று எழுதியிருந்தேன். சொந்தச் செய்தி எழுதினால் புத்தகப் பொதிக் கட்டணம் செல்லாது, கடிதக் கட்டணம்தான். ஆகவே முத்திரைகளை அதற்கேற்ப ஒட்டினேன். திகதி முத்திரை குத்தினேன். குத்திய சத்தத்தில் நிசாமுக்கு விளங்கிவிட்டது.

"அல்லாஹ்! சேர், நீங்க ஷைத்தானுக்கே பாடம் எடுப்பீங்க."

"அட்டையை முதலில் போடு. இதைப் பிறகு போடு. வரிசை முக்கியம்."

சைக்கிளில் ஏறி இறக்கத்தில் பறந்தார். ஆபரேஷன் செய்த முழங்கால் அன்று எங்கே போயிற்றோ தெரியாது.

நான் வாசலில் வந்து நின்றேன். கவுண்டரில் ஒருவரும் இல்லை. எதிர்ச்சரிவில் கொழுந்து பறிக்கிற பெண்கள், மழைக்கு நீலமும் மஞ்சளுமாகப் பொலித்தீன் போர்த்தி, வரிசை வரிசையாக. புகார் கீழிறங்கிக்கொண்டிருந்தது. லயங்கள் தெரிவதும் மறைவதுமாக இருந்தன. பத்து நிமிடம் போயிற்று. பதினைந்து. பெட்டரி இறங்கியிருந்தால்? மழையில் எங்காவது வயர் அறுந்திருந்தால்? என் வாழ்க்கையில் ஒரு பொருள் போய்ச் சேர்ந்ததா என்று அப்படித் தவித்து நான் நின்றதில்லை.

ஹோர்ன் அடித்தது. சிவப்பு எரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். ஆகவே மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தாலும் சரி, சொல்கிறேன். முதல் வீட்டிலிருந்து ஒரு பெண் படிகளில் இறங்கினார். பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்த அவர், திரும்பப் பாதிப் படி ஏறி நின்று, மேலே பார்த்து எதையோ கூவினார். சொல் எனக்குக் கேட்கவில்லை. அவருக்கு அருகில் இருந்த வரிசையில் ஒரு நீலப் பொலித்தீன் மேல்பக்கம் திரும்பியது. பிறகு ஒரு மஞ்சள். பிறகு அந்த வரிசை முழுக்க. அதற்கு மேல் வரிசை. ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாய்க்குப் பெயர் ஏறிக்கொண்டே போயிற்று. மூன்றாவது வரிசைக்கு வந்தபோது எனக்கே கேட்டது: "ஜெயராணீ... தபாலூ..." மலை முழுக்க அதைக் கைமாற்றிக் கைமாற்றி ஃபெக்டரி வாசலுக்குக் கொண்டுபோனது. வயர் முடிந்த இடத்திலிருந்து மனிதர்கள் வயரானார்கள்.

சற்று நேரத்தில் ஃபெக்டரியின் இரைச்சல் நின்றது. மோட்டரைப் பார்க்கிறவர் கிளம்பினால் மோட்டரை நிறுத்திவிட்டுத்தானே கிளம்புவார்? நான்கு வருடமாகப் பகல் முழுக்க என் காதில் இருந்த அந்தச் சத்தம் அன்றைக்குத்தான் அடங்கிக் கேட்டேன். அவ்வளவு பெரிய அமைதி. நான் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டேன்.

நான்கு ஐம்பதுக்கு ஜெயராணி ஓடி வந்தார். கையெல்லாம் கிறீஸ். பின்னால் நிசாம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு.

கடிதத்தையும் பதிவேட்டையும் எடுத்து வைத்துவிட்டு, "அடையாள அட்டை?" என்று கேட்டேன். பழக்க தோஷம்.

ஜெயராணி கிறீஸ் கைகளை விரித்துக் காட்டினார். அட்டை லயத்தில். நிசாம் கத்தினார்: "சேர்! மலை முழுக்க இவட பேரக் கத்தினது ஒங்களுக்குக் கேக்கல்லையா? இதவிட என்ன அடையாளம் வேணும்?"

தபாலதிபருக்கு நேரில் தெரிந்தவர் என்றால் அட்டை தேவையில்லை என்றும் விதி இருக்கிறது. அதை நானே மறந்துவிட்டேன். அப்படி மறந்தது அந்த ஒரு தடவைதான்.

கையெழுத்திட்டார். உறையைக் கிழித்தார். படித்தார்.

"நாளைக்குங்க. எட்டரைக்கு." பிறகு மறுபடி கடிதத்தைப் பார்த்தார். "ஐயா, சேர்ட்டிபிகேட் எல்லாம் வீட்டுலங்க. மூலப் பிரதி கொண்டு வரணும்னு போட்டுருக்கு."

இதை நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை. நேரம் ஐந்து. மறுபடி மலையேற முடியாது.  அப்போது பாதையின் ஏற்றத்தில் ஓடிவந்தார் முதல் வீட்டுப் பெண். ஒரு கையில் பொலித்தீனில் சுற்றிய கோப்பு, மற்றக் கையில் மடித்த சேலையும் செருப்பும் போட்ட சொப்பிங் பேக். கோப்பின் மேலே அடையாள அட்டை.

"எப்புடிக்கா தெரியும்?" என்றார் ஜெயராணி.

"ரெஜிஸ்டருன்னு அட்டையில போட்டுருந்துச்சு. ஒனக்கு ரெஜிஸ்டர்ல வேற என்னாடி வரப்போவுது, கல்யாண ஓலையா? போ, பஸ்ஸு வருது."

பஸ் வந்தது. நிசாம் பாதையின் நடுவில் சைக்கிளை நிறுத்தி அதை மறித்தார். அது எந்த விதியிலும் இல்லை. நான் வேறு பக்கம் பார்த்தேன். ஏறி உட்கார்ந்த ஜெயராணி, ஜன்னலால் தலையை நீட்டினார்.

"ஐயா, அந்தப் பெரிய பொஸ்தகம்? பெட்டிக்குள்ளேயே கெடக்குதாம்."

"அது உங்களுக்கு வந்த தபாலம்மா. திருப்பி எடுக்க எனக்கு அதிகாரமில்லை."

மூன்று நாள் கழித்து அவர் தபாலகத்துக்கு வந்து நேர்முகத்தைப் பற்றிச் சொன்னார். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேராம். சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, சிங்களத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இது எல்லாம் படிச்சது. நீங்களா யோசிச்சுச் செஞ்ச ஒரு சேர்க்கிட் இருக்கா? வரைஞ்சு காட்டுங்க." ஜெயராணி கடிதப் பெட்டியை வரைந்திருக்கிறார். பலகை, ஸ்பிரிங், வயர், ஹோர்ன், விளக்கு. நடுவில் இருந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

"கடதாசியில எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இது உண்மையிலேயே வேலை செய்யுமா?"

ஜெயராணி அவர்கள் அனுப்பிய அழைப்புக் கடிதத்தின் உறையை எடுத்து, பின்பக்கத்தில் என் தபாலகத்தின் திகதி முத்திரை தெரிய மேசையில் வைத்தாராம்.

"இது எங்க ஊருக்கு வந்தது நேத்துப் பின்னேரங்க சேர். அது வேலை செஞ்சதாலதான் நான் இங்க நிக்கிறேன்."

அதற்கு மேல் அவர்கள் கேள்வி கேட்கவில்லையாம்.